எழுபத்தாறு கட்டுக் கீரை

2022 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். மேற்கே மலைமேல் மேகம் அடைத்திருந்தது. சாரல் விழவில்லை, காற்று மட்டும் பலமாக அடித்தது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. பெட்டி இரண்டு, கட்டில் ஒன்று, புத்தகக் கட்டு பதினொன்று, மண்தொட்டி பதினான்கு இறங்கின. கடைசியாக, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து பதினைந்தாவது தொட்டியை மடியிலிருந்து நெஞ்சுக்கு மாற்றிக்கொண்டு அவர் இறங்கினார்.

மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பித்தார். சொந்த ஊர் வத்திராயிருப்பு, வயது நாற்பத்து நான்கு, தனியாள். என் மனைவி கோமதி முதல் நாளே அவரை டீச்சர் என்று கூப்பிட்டாள். எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. அவர் பெயரை நான் என் கையால் ஒரே ஒரு முறைதான் எழுதியிருக்கிறேன். எழுதிய இடம் நல்ல இடமில்லை. ஆகவே இங்கே மறுபடி எழுதப்போவதில்லை.

வேலை பார்க்கும் ஊரை விட்டுப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி எதற்கு வீடு என்று கேட்டேன். அங்கே ஏழு வீடு பார்த்தாராம். ஏழிலும் மொட்டை மாடி தர மறுத்துவிட்டார்களாம். அவருக்கு வீட்டைவிட மாடிதான் முக்கியம். பதினைந்து தொட்டியிலும் கடுகுச் செடி. ஆராய்ச்சிக்கான விதை எடுக்க வளர்க்கிறாராம்.

தொட்டிகளை மாடியில் வரிசையாக வைத்துவிட்டு நிமிர்ந்தவர், என் தோட்டத்தைப் பார்த்தார்.

என் தோட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் புள்ளியியல் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன். வயலில் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை அறுத்து, நிறுத்து, மாவட்டத்தின் விளைச்சல் எவ்வளவு என்று சென்னைக்கு எழுதி அனுப்பும் வேலை. ஊரார் விளைச்சலை எல்லாம் எண்ணியவனுக்கு ஓய்வு பெற்றபின் எண்ண ஒன்றும் இல்லை. கொரோனா வந்து எல்லோரும் மாடித் தோட்டம் போட்டபோது நானும் போட்டேன். தொட்டி வாங்கவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் பேட்டரி மெக்கானிக் ஒருவர், செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரிகளை உடைத்து உள்ளிருக்கும் தகடுகளை விற்றுவிட்டு, காலிப் பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார். கட்டிப் பிளாஸ்டிக்; வெயிலுக்கு வெடிக்காது. ஒரு பெட்டிக்குள் ஆறு தடுப்பு. இருபத்து நான்கு பெட்டி. தடுப்புக்கு ஒரு தண்டுக்கீரை வீதம் நூற்று நாற்பத்து நான்கு செடி, கலைக்காமல் எண்ணலாம். இதைவிட ஒழுங்கான தோட்டத்தை நான் அரசுப் பண்ணையில்கூடப் பார்த்ததில்லை.

"இது என்ன பெட்டி சார்?"

"பேட்டரிப் பெட்டி. சும்மாக் கெடச்சது."

"கழுவுனீங்களா?"

"பெட்டிக்கு மூணு வாளித் தண்ணி. எழுவத்திரெண்டு வாளி."

"அடில சாம்பக் கலர்ல சேறு மாதிரி இருந்துச்சா?"

"கொஞ்சம் ஒட்டிட்டு இருந்துச்சு. அதுக்கு மேலதான் மண்ணைப் போட்டாச்சே. டீச்சர், ஒங்க பாடமெல்லாம் காலேஜுல வச்சுக்கோங்க. இங்க வாத்தியாரு நான்தான்."

அவர் "சரி சார், வச்சுக்கிடுறேன்" என்றார்.

அதுதான் அவர். அடுத்த அறுநூற்று ஒன்பது நாளும் எங்கள் தலைக்கு மேல் குடியிருந்தார். யார் எதைக் கொடுத்தாலும், பலகாரமோ பழியோ, வேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வாங்குவார், வைத்துக்கொள்வார். எங்கே வைக்கிறார் என்பதுதான் தெரியாது.

எல்லாவற்றுக்கும் அவரிடம் காக்கிநிறக் காகிதக் கவர் உண்டு. தெருவோர எருக்கிலை, வாழைத்தாரின் காய்ந்த நுனி, செண்பகத்தோப்பு போகும் வழியில் பிடுங்கிய களை எல்லாம் கவருக்குள் போகும். மேலே தேதியும் இடமும் எழுதுவார். ஒரு நாள் காய்கறிச் சந்தைக்கு நானும் அவரும் சேர்ந்து போனோம். கீரைக்காரம்மா முன்னால் உட்கார்ந்தார்.

"இது எந்தத் தோட்டத்துக் கீரைம்மா?"

"ஓடைக்கரைத் தோட்டம்."

"பாய்ச்சல் கெணத்துத் தண்ணியா, ஓடைத் தண்ணியா?"

"ரெண்டுந்தான்."

"ஓடைக்கு மேக்க பட்டறை ஏதும் இருக்கா? சாயம், முலாம் பூசுறது மாதிரி?"

கீரைக்காரம்மா கட்டைக் கீழே வைத்துவிட்டார். "ஏந்தாயி, நீ கீரை வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? ஊரு, தெரு, சொந்தபந்தம் எல்லாம் விசாரிக்க. சாதகம் எழுதித் தரட்டா?"

சுற்றி நின்றவர்களில் ஒன்பது பேர் சிரித்தார்கள். பத்தாவது ஆள் நான். டீச்சர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. இரண்டு கட்டு வாங்கி, கவரில் போட்டுத் தேதி எழுதினார்.

கல்லூரியில் நடந்த ஒன்றையும் கோமதி சொல்லித்தான் அறிவேன். டீச்சர் ஏழு வருடம் செய்த வேலையை அவருடைய துறைத் தலைவர் ஒரு கருத்தரங்கில் தன் வேலை என்று வாசித்தாராம். டீச்சர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். முடிந்ததும் கைதட்டினாராம்.

"ஏட்டி, கைய வேற தட்டுனியா?" என்று கோமதி கேட்டிருக்கிறாள்.

"தட்டுனேன் அத்தை."

"கோவம் வரல?"

"வந்துச்சு. ஓரமா வச்சிருக்கேன்."

கோமதி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் மாடியில் குழாய் ஒழுகுகிறது என்று பார்க்கப் போயிருந்தேன். அலமாரிக் கதவு திறந்திருந்தது. ஐந்து தட்டு, தட்டுக்கு ஏறக்குறைய நாற்பது கவர். ஒன்றின் மேல் அந்தக் கருத்தரங்கு நடந்த தேதி. உள்ளே அழைப்பிதழின் முனை தெரிந்தது. அதற்குப் பக்கத்துக் கவரில் பொன்னாங்கண்ணி. எது இலை, எது கோபம் என்று வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லை. எல்லாம் ஒரே காக்கி நிறம், ஒரே கையெழுத்து.

அவருடைய ஆராய்ச்சி என்ன என்று ஒரு விடுமுறை நாள் காலையில் எங்கள் அடுக்களையில்தான் தெரியவந்தது. கோமதி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் தேங்காய் துருவினார். நான் துருவல் எத்தனை மூடி என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ காலேஜுல செடிக்கு விசம் வச்சுக் கொல்லுதியாமே?" என்றாள் கோமதி.

"கொல்லல அத்தை. அம்புட்டு விசத்துலயும் அது எப்படிச் சாகாம நிக்குன்னு பாக்கேன். காட்மியம்னு ஒரு உலோகம். அதோட உப்பைத் தண்ணில கலந்து ஊத்துவேன்."

"எப்படி நிக்கும்?"

டீச்சர் துருவுவதை நிறுத்தினார். "வீட்டுக்குள்ள பாம்பு வந்துட்டா என்ன செய்வீங்க?"

"அவியளக் கூப்புடுவேன். அவிய எம்புட்டு நீளம்னு அளப்பாவ."

"அடிப்போம், இல்லன்னா ஓடுவோம். செடியால ஓட முடியாது. உலோகத்த அடிச்சுக் கொல்லவும் முடியாது. அது எரிஞ்சாலும் அழியாது, மக்கினாலும் மக்காது. அதனால செடி என்ன செய்யும்னா, வேருல வரும்போதே வாசச் சுவர்ல கொஞ்சத்தை ஒட்ட வச்சுரும். தப்பி உள்ள வந்ததச் சாக்குல புடிச்சுக் கட்டும்."

"சாக்குக்கு எங்க போகும்?"

"அதுவே செய்யும். கந்தகம் சேந்த ஒரு சின்னச் சரக்கு. உலோகத்தக் கண்டா கப்புன்னு கவ்விக்கிடும். அப்புறம் சாக்கோட தூக்கிட்டுப் போயி ஒரு ரூம்புல போட்டுப் பூட்டிரும். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அப்படி ஒரு ரூம்பு இருக்கு அத்தை. வளந்த செல்லுல பாதிக்கு மேல அந்த ரூம்புதான். தண்ணி, உப்பு, வேண்டாதது எல்லாம் அதுக்குள்ள."

"நம்ம பரண் மாதிரி."

"பரணேதான்."

"பொறவு செடி வாடாதா?"

"சாக்கு இருக்க வரைக்கும், ரூம்புல எடம் இருக்க வரைக்கும் வாடாது. பச்சைப் பசேல்னு நிக்கும். கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க முடியாது."

நான் குறுக்கிட்டேன். "செடிக்கு ஒண்ணும் ஆகலைன்னா பொறவு அதுல கவலைப்பட என்ன இருக்கு?"

"செடி கட்டிப் போடும் சார். சாக்கைப் பிரிக்கிறது அதத் திங்கிறவரு."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, தேங்காயைப் பார்த்தார். நான் தோசை ஆறுகிறது என்றேன். பிறகு மாடிக்குப் போய் நூற்று நாற்பத்து நான்கு செடிக்கும் தண்ணீர் ஊற்றினேன். எல்லாம் பச்சைப் பசேலென்று நின்றன.

வெள்ளிக்கிழமை அறுப்பு. வாரம் நான்கு கட்டு தேறும். மூன்று கட்டு கோமதிக்கு. எனக்கு வாயுத் தொல்லை; கீரை தொடுவதில்லை. நான்காவது கட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் படியிலிருந்தே கூப்பிட்டு டீச்சர் கையில் கொடுப்பேன். முதல் நாள் கேள்வி கேட்டாரே, அதற்கு இது பதில் என்பது என் எண்ணம். அவர் ஒவ்வொரு வாரமும் இரண்டு கையாலும் வாங்கி, "சரி சார், வச்சுக்கிடுறேன்" என்றார். எங்கள் காலனி நலச்சங்கத்துக்கு நான் செயலாளர்; தலைவருக்குக் கீரை கொடுப்பதில்லை. படம் மட்டும் அனுப்புவேன். அவர் அதைச் சங்கத்து வாட்ஸப் குழுவில் போட்டு, 'நம் செயலாளரின் நஞ்சில்லா விளைச்சல்' என்று எழுதுவார். கும்பிடும் கைகள் முப்பதுக்குக் குறையாமல் விழும்.

2023 ஆடியில் கோமதி சோர்ந்தாள். மாடிப்படி ஏறினால் எட்டாவது படியில் நின்றாள். வயிற்றில் இழுத்துப் பிடிக்கும் வலி. உள்ளூர் மருத்துவர் கண் இமையை இறக்கிப் பார்த்து, இரத்தம் குறைவு என்றார், மாத்திரை எழுதினார், கீரை நிறையச் சாப்பிடுங்கள் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டிலேயே வைத்தியம் இருக்கிறது. பெட்டிகளுக்கு உரம் கூட்டினேன். வாரம் மூன்று கட்டு ஐந்தாயிற்று. மூன்று மாதம் கழித்து இரத்தம் இன்னும் குறைந்திருந்தது. ஐந்தை ஆறாக்கினேன்.

"வாயெல்லாம் கீரையா இருக்குங்க" என்றாள்.

"ஒரு வாரத்துக்கு ஆறுதான். இன்னும் ஒரு வாய்."

"எண்ணிட்டே இருங்க. ஒருநா நானே கொறைஞ்சு போவேன், அதையும் எழுதி வைப்பிய."

மார்கழி கடைசியில் அவள் வலது கையிலிருந்து கரண்டி விழுந்தது. ஒரே வாரத்தில் மூன்று முறை. மணிக்கட்டு தொங்கியது, தூக்கு என்றால் தூக்க முடியவில்லை.

2024 ஜனவரி 27, சனிக்கிழமை, காலை ஒன்பதே முக்கால். டீச்சர் இரண்டு துணிப்பைகளைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். கோமதி கட்டிலில் படுத்திருந்தாள். பைகளை என் முன்னால் வைத்தார்.

"என்ன டீச்சர் இது?"

"நீங்க குடுத்த கீரை சார்."

உள்ளே காக்கிக் கவர்கள். ஒன்றைப் பிரித்தேன். காய்ந்த இலை சலசலத்தது. மேலே தேதி.

"இதத் திங்கலையா?"

"இல்ல சார்."

"ஒரு கட்டு கூடவா?"

"எழுபத்தாறு கட்டு. எண்ணிக்கோங்க."

எண்ணினேன். "அவ எண்ணித்தான கொண்டாந்திருக்கா" என்று கோமதி படுத்தபடியே முனகினாள். எழுபத்தாறு. என் நோட்டிலும் அதேதான்: வெள்ளிக்கிழமை எண்பத்தைந்து, டீச்சர் ஊரில் இல்லாதவை ஒன்பது போக எழுபத்தாறு. ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக எங்கள் இருவர் கணக்கும் பொருந்தியது.

டீச்சர் ஒரு தாளை நீட்டினார். இந்தக் கவர்களில் எட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, வெளியூரில் உலோகம் அளக்கும் இயந்திரம் உள்ள ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருந்தார். அனுப்பும் கடிதத்தில் கையெழுத்து வாங்க அவர் கல்லூரியில் பதினோரு மாதம் ஆகியிருந்தது. மேற்படி கீரை கல்லூரியின் சொத்தா என்று ஒரு முறையும், சமைத்ததா சமைக்காததா என்று ஒரு முறையும் கேட்டுக் கோப்பைத் திருப்பியிருந்தார்கள். தாளில் எட்டு வரி. எட்டிலும் ஈயம்.

"மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?" என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"மொத நாளே கேட்டேன் சார்."

"கேட்டீங்க. சொல்லலையே!"

"எண்ணு இல்லாமச் சொன்னா நீங்க கேப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டேன். அது அறைக்குள் இருந்த மூவருக்கும் தெரியும். ஆனால் கோமதி முழங்கையை ஊன்றி எழுந்தாள். "என்கிட்டச் சொல்லிருக்கலாம்ல தாயி. எனக்கு எண்ணு வேண்டாமே."

டீச்சர் சரி என்று சொல்லவில்லை. வைத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, கோமதியின் தொங்கும் மணிக்கட்டை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

அன்றே மதுரைக்கு வண்டி பிடித்திருக்க வேண்டும். நான் பிடிக்கவில்லை. கீரையை நிறுத்தினேன், அதோடு சங்கத் தலைவருக்குத் தொலைபேசினேன்.

என் கையால் என் மனைவிக்கு நஞ்சு ஊட்டியிருக்கிறேன் என்று ஒத்துக்கொள்ள அந்த வீட்டில் எனக்கு இடமில்லாமல் இருந்தது. வேறு யாராவது ஊட்டியிருந்தால் வசதி. தலைவர் அந்த வசதியை அரை நிமிடத்தில் செய்துகொடுத்தார். "அந்தம்மாதான் உலோகத்த வச்சு ஆராய்ச்சி பண்ணுதுன்னு சொன்னீரே. மாடில தொட்டி வேற வச்சிருக்கு. பொறவு ஒம்ம கீரைல விசம் வராம பன்னீரா வரும்?"

மறுநாள் ஞாயிறு மாலை சங்கக் கூட்டம். வந்தவர்கள் பதினேழு பேர். பேசியவர்கள் பதினொரு பேர். தாவரவியல் தெரிந்தவர் ஒருவரும் இல்லை; தெரிந்த டீச்சரைக் கூப்பிடவில்லை. கருகின எண்ணெயில் நான்காம் முறை பொரித்த வடையை ஆளுக்கு இரண்டு தின்றுகொண்டு, காலனியை நஞ்சிலிருந்து காப்பது எப்படி என்று ஐம்பது நிமிடம் விவாதித்தோம்.

"கெமிக்கல் காத்துலயே எறங்கும்யா" என்றார் ஒருவர்.

"கடுகு வெடிக்கிற சாமான். அதுல பதினஞ்சு தொட்டின்னா சும்மாவா?" என்றார் இன்னொருவர்.

"படிச்ச பொம்பளைக்கு வீடு குடுத்தா இப்படித்தான்" என்று மூன்றாமவர் சொன்னபோது, அவருடைய இரண்டு பெண்களும் கல்லூரியில் படிப்பது எனக்கு நினைவு வந்தது. சொல்லவில்லை. நான் செயலாளர், குறிப்பு எழுதுவதுதான் என் வேலை.

இயற்கை வேளாண்மையின் நலன் கருதி மாடிவீட்டுக் குடியிருப்பாளர் இரண்டு வாரத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. அந்தக் கடிதத்தில்தான் அவர் பெயரை எழுதினேன். கையெழுத்தும் நான்தான் போட்டேன். கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான். இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார்.

"அத்தையை மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க சார். அந்தத் தாளையும் கொண்டு போங்க" என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி 11, ஞாயிறு. அதே மினி லாரி. பதினைந்து தொட்டியும் ஏறின. கடுகுச் செடிகளுக்கு அவர் மாடியில் ஒரு நாளும் உலோகம் ஊற்றியதில்லை. விதை சுத்தமாக வேண்டும் என்பதற்காகத்தான் கல்லூரியில் வைக்காமல் வீட்டில் வளர்த்தார். அன்றைக்கு எங்கள் காலனியில் சந்தேகமில்லாமல் நஞ்சில்லாத செடிகள் என்று இருந்தவை அந்தப் பதினைந்துதான். அவை வெளியே போவதை உறுதி செய்யத் தலைவரும் நானும் வாசலில் நின்றோம்.

இரண்டு நாள் கழித்து மதுரை. பெரிய மருத்துவர் தாளைப் படித்தார், கோமதியின் மணிக்கட்டைப் பார்த்தார், இரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் மறுபடி கூப்பிட்டார்.

"வீட்டுல பெயிண்ட் வேலை, பேட்டரி வேலை ஏதாவது நடக்குதா?"

"இல்ல டாக்டர். மாடில ஒரு டீச்சர் இருந்தாங்க. காட்மியம் உப்ப வச்சு ஆராய்ச்சி."

"காட்மியமா? இவங்க ரத்தத்துல இருக்கிறது ஈயம். அது வேற, இது வேற."

அந்தத் தாளோடு சேர்த்துக் கொண்டுவந்திருந்த சங்கக் கூட்டக் குறிப்பைப் பார்த்தேன். அதில் இதற்கு விடை இல்லை.

"பேட்டரிப் பெட்டி இருக்குல்ல" என்றாள் கோமதி, மெதுவாக. "மாடில. அதுலதான் கீரை. எத்தனை பெட்டின்னு அவிய சொல்லுவாவ டாக்டர்."

இருபத்து நான்கு என்று சொன்னேன். வாழ்நாளில் நான் சொன்ன எண்களில் அதுதான் வாயை விட்டு வரச் சிரமப்பட்டது. அவள் இரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்பதையும் என்னிடம் கொடுத்தார்கள். அதை மட்டும் எங்கும் எழுதாதீங்க என்று கோமதி கேட்டுக்கொண்டாள். எழுதவில்லை.

மாத்திரை கொடுத்தார்கள். டப்பாவைத் திறந்தால் அழுகல் முட்டை வாடை. கோமதி மோந்து பார்த்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். "கந்தக வாடைங்க. டீச்சர் சொன்னாள்ல, சாக்கு. அந்தச் சாக்குதான் இது."

மண்ணை என்ன செய்வது என்று சங்கத்தில் கேட்டேன். கண்மாய்க்கரையில் கொட்டிவிட்டு அங்கே மரக்கன்று நட்டு விழா எடுக்கலாம் என்றார் தலைவர். அன்றைக்குச் செயலாளர் பதவியை விட்டேன். மண்ணை மூடி போட்ட டிரம்களில் அடைத்து, பெட்டிகளோடு சேர்த்து, ஈயக் கழிவு எடுக்க உரிமம் உள்ள ஓர் இடத்துக்கு ஏற்றி அனுப்பி முடிக்க நான்கு மாதம் ஆயிற்று.

ஜூலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். டீச்சரின் புது வீடு தேரோடும் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், தரைத்தளம். மாடி இல்லை. சந்தில் காலை இரண்டு மணி நேரம்தான் வெயில் விழும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகப் பதினைந்து தொட்டியும் வாசல் சுவரோடு ஒட்டி நின்றன. செடிகள் மெலிந்திருந்தன. எனக்கு நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, தரையில் உட்கார்ந்தார்.

"மாடி காலியாத்தான் கெடக்கு டீச்சர். வந்துருங்க. வாடகை வேண்டாம்."

"இல்ல சார்."

கொடுத்த ஒன்றை அவர் வேண்டாம் என்று மறுத்து நான் கேட்டது அதுதான் முதல்முறை.

"கோவமா?"

"கோவம்னு இல்ல சார்."

"அந்தக் கடுதாசியக் குடுங்க. கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன்."

"அது இருக்கட்டும் சார். கவர்ல இருக்கு." சொல்லிவிட்டுத் தானாகவே சேர்த்துக்கொண்டார்: "அத்தை அன்னைக்குக் கேட்டாங்கள்ல, என்கிட்டச் சொல்லிருக்கலாம்லன்னு. அதையும் எழுதி, தேதி போட்டு ஒரு கவர்ல வச்சேன். அது மட்டும் உள்ள நிக்க மாட்டேங்கு சார். தெனமும் வெளிய வந்துருது."

காப்பியைக் குடித்தேன்.

"அத்தை எப்படி இருக்காங்க?"

"கை தூக்குறா. கரண்டி புடிக்கா. ரத்தத்துல நல்லாவே கொறைஞ்சிருச்சுன்னு சொல்லிட்டாங்க."

"கொறைஞ்சது எல்லாமே வெளிய போயிருச்சா?"

"போயிருச்சுன்னுதான் நெனைக்கேன்."

"கொஞ்சம் போயிருக்கும். மிச்சம் எலும்புக்குள்ள போயிருக்கும் சார். மனுச ஒடம்புக்கும் ஒரு ரூம்பு வேணும்ல. ஈயத்த எலும்புலதான் போட்டுப் பூட்டும். வருசக்கணக்கா அங்கயே கெடக்கும், ஒண்ணும் செய்யாது."

"பொறவு என்ன?"

"எலும்பு முறிஞ்சா, இல்ல மாசக்கணக்கா படுக்கைல கெடந்து எலும்பு தேஞ்சா, பூட்டு தொறந்துக்கிடும். மறுபடி ரத்தத்துக்கு வரும்." வாசலில் வெயில் நகர்ந்துவிட்டது; எழுந்துபோய் இரண்டு தொட்டிகளை அரை அடி தள்ளி வைத்துவிட்டு வந்தார். "அத்தைக்கு அறுபத்தாறு வயசு. கீழ விழாமப் பாத்துக்கோங்க சார். அது ஒண்ணுதான் நீங்க செய்ய வேண்டியது."

பஸ்ஸில் திரும்பும்போதே எங்கள் வீட்டில் கோமதி விழக்கூடிய இடங்களை எண்ணத் தொடங்கினேன். பதினாறு. மறுநாள் கொத்தனாரைக் கூப்பிட்டேன். குளியலறையின் வழவழப்பான தரையைப் பெயர்த்துச் சொரசொரப்பான ஓடு பதித்தோம். கொல்லைப்புறத்து மூன்று படிகளை இடித்துச் சரிவாக்கினோம். கழிவறையில், கட்டிலோரத்தில், அடுக்களை வாசலில், நடைவழி நெடுக எவர்சில்வர் கைப்பிடிக் கம்பி. கட்டில் காலை அரையடி அறுத்தோம். "வீட்ட ரயில்பெட்டி ஆக்கிட்டிய" என்று கோமதி திட்டினாள். திட்டிக்கொண்டே கம்பியைப் பிடித்து நடந்தாள். இன்றுவரை விழவில்லை. ஓடு, கம்பி, சிமெண்டு, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஒன்பது நாள் கூலி, தச்சருக்கு ஒரு நாள் கூலி, எல்லாம் சேர்த்து நாற்பத்து மூவாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய்.